சிங்கப்பூரா, மலேசியாவா, சென்னையா: மட்டக்களப்பிலிருந்து தீம் பார்க் போகிறவர்களுக்கு

அக்கரைப்பற்றில் இருக்கிற மச்சாள் போன கிழமை போன் எடுத்தாள். "ஆகஸ்ட் லீவுக்கு வெளிநாடு போகப்போறம் மச்சாள், பிள்ளைகள் ரெண்டும் தீம் பார்க் தீம் பார்க் எண்டு உயிரை வாங்குதுகள், நீங்க சிங்கப்பூரும் போனீங்க, மலேசியாவும் போனீங்க, எது நல்லம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கவன்" என்றாள். ஒரு சொல்லில் சொல்ல ஏலாத விசயம். முக்கால் மணித்தியாலம் கதைத்தும் முடியவில்லை, அதற்குள் அவளுடைய டேட்டா முடிந்துவிட்டது. அதனால் எழுதியே விடுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருந்து இப்படி ஒரு பயணத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும்.

அவளுடைய வீட்டு நிலவரம் இது. மகனுக்குப் பதினான்கு வயது. மகளுக்கு ஏழு, உயரம் 116 சென்ரிமீற்றர், இதை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்று போகப்போக விளங்கும். மாமிக்கு அறுபத்தெட்டு, ஒரு முழங்கால் நோ, ஆனால் வீட்டில் விட்டுவிட்டுப் போனால் வருசம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். அண்ணனுக்கு அரசாங்க வேலை, பத்து நாள் லீவு எடுக்கலாம். காசு இருக்கிறது, ஆனால் இரண்டு வருசமாகக் கட்டி எடுத்த சீட்டுக் காசு, அள்ளி இறைக்க முடியாது.

முதலில் சரிவராதவற்றைக் கழித்துவிடுவோம். ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் 2005 இல் திறந்தது, அளவான பார்க், சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல பொருத்தம், ஆனால் இலங்கைப் பாஸ்போட்டுக்கு முன்கூட்டியே வீசா எடுக்கவேண்டும், அந்த அலைச்சலும் காத்திருப்பும் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குத் தலையிடி. ரோக்கியோ டிஸ்னி என்றால் விமான ரிக்கெட்டே சீட்டுக் காசை விழுங்கிவிடும். டுபாய், அபுதாபி பக்கம் அண்ணனோ தம்பியோ வேலை செய்து, தங்க ஓர் அறையும் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஆகஸ்டில் வெளியே 40 பாகையைத் தாண்டிக் கொளுத்தினாலும் டுபாயின் ஐ.எம்.ஜி. வேர்ல்ட்ஸ், அபுதாபியின் பெராரி வேர்ல்ட் இரண்டும் பெரும்பாலும் கூரைக்குள்ளே, ஏசிக்குள்ளே. பெராரி வேர்ல்டில் ஒரு கோஸ்டர் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தில் போகும். மச்சாள், இந்த வரியை மட்டும் மகனுக்கு வாசித்துக் காட்டவேண்டாம்.

ஆக மிச்சம் சிங்கப்பூர், மலேசியா, சென்னை.

தீம் பார்க் பற்றி எழுதுகிறவர்கள் பார்க் வாசலில் இருந்து எழுதத் தொடங்குவார்கள். எங்களுக்குப் பயணம் தொடங்குவது கல்லடிப் பாலத்திலோ அக்கரைப்பற்றுச் சந்தியிலோதான். ஊரிலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறது, பெயரில் சர்வதேசமும் இருக்கிறது, ஆனால் சிங்கப்பூருக்குப் போக அங்கே ஏற முடியாது. கட்டுநாயக்கவுக்கு வான் பிடித்தால் ஆறு ஏழு மணித்தியாலம், அக்கரைப்பற்றிலிருந்து என்றால் இன்னும் கூட. சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் கனக்க நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியப்புறம் இறக்கிவிடும். விமானத்தில் இருப்பது நாலு மணித்தியாலத்துக்கும் குறைவுதான், ஆனால் அங்கே மணிக்கூடு எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது, ஆகவே பகல் முழுக்க வான் வண்டிக்குள் குலுங்கி, இரவு முழுக்கக் குந்திக்கொண்டிருந்து, கண் எரிய எரிய இறங்கும்போது அவர்களுக்கு ஏழு மணி, எங்கட உடம்புக்கு நாலரை. அன்றைக்குப் பார்க் ரிக்கெட் எடுக்கவே கூடாது. நாங்கள் அந்தப் பிழையைச் செய்தோம். கொழும்பில் ஒரு ஏஜென்சி போட்டுத் தந்த அட்டவணையில் "முதல் நாள்: இறங்கி நேரே பார்க்" என்று இருந்தது, நானும் ஒரு நாள் ஹொட்டேல் காசு மிச்சம் என்று தலையாட்டினேன், பகல் இரண்டு மணிக்கு என் மகள் ஒரு வாங்கில் வாயைத் திறந்தபடி நித்திரை, அவளுக்கு மேலால் டைனோசர் உறுமுகிறது.

சரி, சிங்கப்பூர்.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இருப்பது செந்தோசாத் தீவில், 2010 இல் திறந்தது. மொத்தம் 20 ஹெக்டேயர், எங்கட கணக்கில் 50 ஏக்கர், ஒரு போடியாரின் வயல் அளவு. உலகத்தில் இருக்கிற பெரிய பார்க்குகளோடு பார்த்தால் இது சின்னது, இணையத்தில் அதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள், ஆனால் முழங்கால் நோகிற ஆளோடு போகிறவர்களுக்கு அதுதான் இதன் பெரிய நல்ல குணம். நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி ஹொலிவூட், நியூயோர்க், எகிப்து, டைனோசர்க் காடு, ஷ்ரெக்கின் கோட்டை என்று பகுதிகள். ஒரு சுற்று வந்தால் திரும்ப வாசல். தொலைந்துபோக வழியே இல்லை. நாங்கள் 2023 ஆகஸ்டில் போனபோது மடகாஸ்கர் பகுதியை அடைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள், அந்த இடத்தில்தான் 2025 பெப்ரவரியில் மினியன் லாண்ட் திறந்திருக்கிறது. ஏழு வயதுக்காரிக்கு அது ஒன்றே அரை நாளுக்குப் போதும்.

இப்போது உயரக் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு சவாரியின் வாசலிலும் ஓர் உயரக் கோல் நிற்கும். என் சின்ன மகளுக்கு அப்போது 119. எகிப்துப் பகுதியில் இருக்கிற மம்மி சவாரிக்கு, இருட்டுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்துக்கொண்டு ஓடுகிற அதற்கு, 122 வேண்டும். அவள் கோலடியில் போய் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேலை செய்கிற பிள்ளை குனிந்து, மகளின் உச்சிக்கும் கோலின் கோட்டுக்கும் நடுவில் தன் விரல்களை வைத்துப் பார்த்தது. இரண்டு விரல் இடைவெளி. மகள் மெல்ல மெல்லக் குதியை உயர்த்தினாள். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே அவளுடைய தோளில் கையை வைத்தது, குதி இறங்கியது. அவ்வளவுதான். தகப்பனும் அண்ணனும் உள்ளே போனார்கள், நானும் அவளும் வெளியே குந்தியிருந்து, உள்ளே இருந்து வருகிற ஆட்களை எண்ணினோம். "ஸ்கூல் சப்பாத்தைப் போட்டிருந்தா எட்டியிருக்கும், நீங்கதான் செருப்பு போதும் எண்டு சொன்னீங்க" என்று ஊருக்குத் திரும்பும் வரைக்கும் சொன்னாள். மூன்று சென்ரிமீற்றரைச் சப்பாத்து தந்திருக்காது, ஆனால் அதை அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது.

ஆகவே ரிக்கெட் எடுக்க முதல் செய்யவேண்டிய வேலை, பிள்ளையைக் கதவு நிலையில் நிறுத்தி, தலையில் ஒரு கொப்பியை மட்டமாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, மேசன்மார் பாவிக்கிற ரேப்பால் அளப்பது. டிரான்ஸ்போர்மர்ஸ் 102. டைனோசர்க் காட்டில் வட்டப் படகில் போய்க் கடைசியில் தொப்பென்று விழுகிற ஜுராசிக் பார்க் 107. மம்மி 122. பற்றில்ஸ்டார் கலக்டிகா 125. அதாவது 116 இல் நிற்கிற மச்சாளின் மகளுக்கு முதல் இரண்டும் சரி, பின் இரண்டும் இல்லை. டிரான்ஸ்போர்மர்ஸ்தான் அங்கே இருப்பதிலேயே நல்ல சவாரி என்பது என் எண்ணம், அது அவளுக்குக் கிடைக்கிறது, ஆகவே பெரிய நட்டம் இல்லை. கொஞ்சம் பெரியவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பார்கள், அது பிரச்சினை இல்லை. பிள்ளையோடு வெளியே நிற்கிற தாயோ தகப்பனோ மற்றவர் வந்தவுடன் திரும்பக் கியூவில் நிற்காமல் மாறிப் போகிற ஏற்பாடும் உண்டு, வாசலில் கேட்கவேண்டும். எங்களுக்கு இது இரண்டாவது சவாரியில்தான் தெரியவந்தது.

மகனுக்கு பற்றில்ஸ்டார். ஒரே நேரத்தில் ஓடுகிற இரண்டு கோஸ்டர், ஒன்று சிவப்பு, மற்றது நீலம், உயரம் 42.5 மீற்றர். பாலமீன்மடு வெளிச்சவீடு 28 மீற்றர். அதற்கு மேல் இன்னொரு அரை வெளிச்சவீட்டை வைத்துப் பாருங்கள். சிவப்பில் இருக்கை தண்டவாளத்துக்கு மேலே, நீலத்தில் கால் அந்தரத்தில் தொங்கும், தலைகீழாகவும் சுற்றும். என் கணவர் சிவப்பில் போய்விட்டு வந்து ஒரு மணித்தியாலம் யாரோடும் கதைக்கவில்லை.

மாமிக்கு என்ன இருக்கிறது என்று மச்சாள் கேட்டாள். அவருக்குத்தான் வோட்டர்வேர்ல்ட். அரங்கில் இருந்து பார்க்கிற சண்டைக் காட்சி, படகு பாய்கிறது, நெருப்பு எழும்புகிறது, ஒரு விமானமே வந்து விழுகிறது, மொழி விளங்கவேண்டிய அவசியமே இல்லை. முன்பக்கத்து வரிசைகள் நனைகிற வரிசைகள், நிறத்தாலேயே காட்டியிருப்பார்கள். என் அம்மா அதைக் கவனிக்காமல், நல்லாத் தெரியும் என்று முன்னுக்குப் போய் இருந்துவிட்டார். காட்சி தொடங்க முதலே நடிகர்கள் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். சேலை, கைப்பை, பைக்குள் சுற்றி வைத்திருந்த பணிஸ், எல்லாம் தண்ணி. மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்த மாதிரி ஈரத்தோடே நடந்தார், ஆனால் இன்றைக்கும் சிங்கப்பூர் என்றால் அவர் சொல்கிற முதல் கதை அதுதான்.

மாமி வெற்றிலை போடுகிறவர் என்பதால் இன்னொன்று. வாய்க்குள் போடுகிற புகையிலையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகக் கூடாது, சட்டப்படி தடை. வட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூன்று நாலு நாள் அவர் கொஞ்சம் சிடுசிடுப்பார், அதற்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்.

காசு. பெரியவர்களுக்கு 80 சிங்கப்பூர் டொலருக்கு மேல், 4 வயது முதல் 12 வரை சிறுவர் விலை, 60 தாண்டினவர்களுக்கு இன்னும் குறைவு. பதினான்கு வயது மகன் பெரியாள் கணக்கு. மச்சாளின் ஐந்து பேருக்கும் நுழைவே 350 டொலரை ஒட்டி வரும், டொலர் 230 ரூபாய்க்கு மேல் நிற்கிற இந்த நேரத்தில் 80,000 ரூபாய்க்குக் குறையாது. கியூவைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் பாஸுக்குத் தனிக் காசு, அன்றன்றையக் கூட்டத்தைப் பார்த்து விலை ஏறும், சில நாளில் நுழைவு ரிக்கெட்டையே மிஞ்சும். நான் வாங்கமாட்டேன். அதற்குப் பதில் நாளைச் சரியாகத் தெரிந்தால் போதும். சிங்கப்பூர்ப் பள்ளிக்கூட லீவு மார்ச்சில் ஒரு கிழமை, ஜூன் மாதம், செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு கிழமை, பிறகு நவம்பர் பாதியிலிருந்து வருச முடிவு வரை. எங்கட ஆகஸ்ட் லீவில் அங்கத்துப் பிள்ளைகள் பள்ளியில்! ஆகஸ்ட் 9 அவர்களின் தேசிய தினம், அதை ஒட்டிய நாட்களை மட்டும் விட்டுவிட்டு, நடுக் கிழமையில் ஒரு நாளை எடுத்து, திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்றால் கியூவில் பாதி கழிந்துவிடும். தனி ஆளாகப் போகச் சம்மதம் என்றால் தனியாள் வரிசை என்று ஒன்று இருக்கிறது, மகனை அதில் விடலாம், காலியான ஒற்றை இருக்கைகளில் ஏற்றிவிடுவார்கள். டிசம்பர் லீவுக்குப் போகலாமே என்று கேட்காதீர்கள். எங்கட மாரி மழை மாதிரியே அங்கேயும் அந்த மாதங்களில் மழை, கூட்டமும் அதிகம், இடி மின்னல் வந்தால் வெளியில் இருக்கிற சவாரிகளை நிறுத்திவிடுவார்கள்.

வீசா இல்லை என்பது சிங்கப்பூரின் பெரிய வசதி. 30 நாள் வரைக்கும் இலங்கைப் பாஸ்போட்டுக்கு வீசா வேண்டாம். இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்பவேண்டும், அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அரசாங்கத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். திரும்பி வருகிற ரிக்கெட், ஹொட்டேல் பதிவு இரண்டையும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், போனில் இருக்கிறது என்று சொல்லி அங்கே சார்ஜ் இல்லாமல் தடுமாறவேண்டாம். ரயிலில் நிலையப் பெயர்களைத் தமிழிலும் பார்க்கலாம், மாமி அதை வாசித்துக்கொண்டே வருவார். ஹார்பர்ஃபிரன்ட் நிலையத்தில் இறங்கி, பக்கத்துக் கடைத்தொகுதியிலிருந்து குட்டி ரயிலில் செந்தோசாவுக்கு 4 டொலர், திரும்பி வர இலவசம். கடலுக்கு மேலால் நடந்து போகவும் பாதை இருக்கிறது, அதற்குக் காசே இல்லை, இளம் கால்களுக்கு. சாப்பாட்டுக்கு இரவில் லிட்டில் இந்தியா, இடியப்பமும் தோசையும் கிடைக்கும். எங்கட சொதி கிடைக்காது.

மலேசியா என்றால் ஒரு பார்க் இல்லை, கோலாலம்பூரை வைத்து இரண்டு. ஆட்கள் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ். மலையில், 1,800 மீற்றர் உயரத்தில், நுவரெலியாவை விடக் கொஞ்சம்தான் பதிவு. 2022 பெப்ரவரியில் திறந்தது. முதலில் இதை ஃபொக்ஸ் சினிமாக் கொம்பனியின் பெயரில் கட்டத் தொடங்கி, இடையில் அந்தக் கொம்பனியை டிஸ்னி வாங்க, வழக்காகி, சமாதானமாகி, பிறகு சொந்தப் பெயரில் திறந்தார்கள். அதனால் ஐஸ் ஏஜ் அணிலும் ரியோ கிளியும் உள்ளே இருக்கின்றன, வாசலில் பழைய பெயர் இல்லை. 26 ஏக்கர், சிங்கப்பூரின் பாதி அளவு, ஆனால் மலைச் சரிவில் இருப்பதால் ஏற்றமும் இறக்கமும். ஏக்கர் குறைவாக இருந்தாலும் முழங்காலுக்கு இது கூட. மேலே போகிற கேபிள் கார் ஒரு பத்து நிமிடம், காட்டுக்கு மேலால், என்னைக் கேட்டால் பார்க்கை விட அதுதான் அருமை. புதுப் பார்க் என்பதால் எல்லாம் பளபளப்பு, நுழைவும் சிங்கப்பூரைவிடக் குறைவு. கையைக் கடிப்பது முகில். காலையில் வெயில், மத்தியானம் திரும்பிப் பார்த்தால் முன்னால் நிற்கிற ஆளின் தொப்பி தெரியாது, மழை தூறும், உயரத்தில் ஓடுகிறவை நிற்கும். நாங்கள் போன அன்று இரண்டு மணிக்குப் பிறகு அப்படித்தான். மலையின் குணம் அது, யாரைக் குறை சொல்வது. மூன்று பிள்ளைகள் ஒரு சால்வைக்குள் நின்றுகொண்டு சூடான சொக்லேற் குடித்தார்கள். எங்கட வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் குளிரே ஒரு தீம் பார்க் என்பதும் உண்மைதான், ஆனால் அதற்கு நானுஓயா ரயில் போதுமே.

மற்றது சன்வே லகூன், 1993 இலிருந்து இருக்கிறது. வெள்ளீயம் தோண்டிக் கைவிட்ட பெரிய குழிக்குள் கட்டினது, 88 ஏக்கர், மேலிருந்து பார்த்தால் ஒரு கிண்ணத்துக்குள் தண்ணி விளையாட்டு, மிருகங்கள், கோஸ்டர்கள், குழிக்குக் குறுக்கே ஒரு தொங்குபாலம். கதை, பாத்திரம், சோடனை என்று பார்த்தால் சிங்கப்பூருக்குக் கிட்டவும் வராது. ஆனால் தண்ணியில் உயரக் கோலின் ஆட்சி குறைவு. ஏழு வயதும் பதினான்கு வயதும் அலைக் குளத்தில் ஒன்றாக நிற்கலாம், ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே என்ற கண்ணீர் இல்லை. சறுக்கல்களில் பருத்தி ரீசேர்ட், டெனிம் போட விடமாட்டார்கள், நீச்சல் துணி வேண்டும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடின நீச்சல் உடை அங்கே சர்வ சாதாரணம். அக்கரைப்பற்றில், காத்தான்குடியில் இருக்கிற என் தோழிகளுக்கு நான் எப்போதும் மலேசியாவைத்தான் சொல்வது, உடுப்பிலும் சாப்பாட்டிலும் யோசனையே இல்லாத இடம்.

மாமிக்காக ஒரு காலை பத்துமலை. 272 படி அவருக்கு வேண்டாம், 2006 இல் வைத்த முருகன் சிலை கீழேயே நிற்கிறது, 42.7 மீற்றர். சிங்கப்பூர்க் கோஸ்டரை விட முருகன் ஒரு சாண் உயரம். குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும், பழப் பையை உள்ளே வையுங்கள்.

மலேசியாவின் சிக்கல் வீசா. எங்களுக்கு இ-வீசா வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, காசும் தனித்தனி, டிஜிட்டல் வருகை அட்டை வேறு. அது முடிந்தால் மற்றது எல்லாம் மலிவு. றிங்கிற் 70 ரூபாய்க்கு மேல் போனாலும் ஒரு நல்ல அறை, ஐந்து பேர் சாப்பாடு, டாக்சி, எல்லாம் சிங்கப்பூரில் கொடுப்பதில் பாதிக்குக் கிட்ட. சிங்கப்பூரில் மூன்று இரவு தங்குகிற காசில் கோலாலம்பூரில் ஆறு இரவு தங்கலாம் என்று என் கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார், ஹொட்டேலை மட்டும் பார்த்தால் அது சரிதான்.

"சிங்கப்பூர் போனால் லெகோலாண்ட் பக்கத்தில்தானே" என்று சிலர் சேர்த்துப் போடுகிறார்கள். பக்கத்தில்தான், ஆனால் அது ஜொகூரில், மலேசியாவுக்குள், 2012 இல் திறந்தது. பாலத்தைத் தாண்டினால் அதே மலேசிய வீசா வேண்டும். ஒரு நாளுக்காக எல்லைக் கியூ இரண்டு தரம். பதினான்கு வயது மகனுக்கு அங்கே கொட்டாவிதான் வரும், அது பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான இடம்.

சென்னையை நான் நீட்டவில்லை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வண்டர்லா திறந்திருக்கிறது, 60 ஏக்கருக்கு மேல். அங்கே நான் இன்னும் போகவில்லை, 2019 இல் பெங்களூர் வண்டர்லாவுக்குப் போனேன், நிறைவாக இருந்தது. 2000 இல் கொச்சியில் தொடங்கின ஆட்கள், தண்ணியும் கோஸ்டரும் ஒரே ரிக்கெட்டில். நுழைவு 1,500 இந்திய ரூபாயை ஒட்டி, எங்கட காசில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். சிங்கப்பூர் நுழைவில் கால்வாசி. சிறுவர் ரிக்கெட்டை வயதால் பார்க்காமல் உயரத்தால் பார்க்கிறார்கள். ஆனால் பெரிய கோஸ்டர்களுக்கு 140 சென்ரிமீற்றர் கேட்பார்கள், 116 க்கு அது எட்டாத் தூரம். விமானம் கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள், பலாலியிலிருந்தும் இருக்கிறது, மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணமும் கட்டுநாயக்கவும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான், யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இருந்தால் அந்த வழி நல்லம். இந்திய இ-வீசா வேண்டும். ஆகஸ்ட் வெயில் எங்கட வெயிலேதான். கோயில், கலியாணச் சேலை, ஆஸ்பத்திரி, ஏதாவது ஒரு காரணத்தோடு போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். பார்க்குக்காக மட்டும் போகிறதென்றால், பிள்ளைகள் போனில் பார்த்து ஏங்குகிற இடம் இது இல்லை. அவர்களுக்கு வேண்டியது அந்தச் சுழலும் பூமி உருண்டைக்கு முன்னால் நின்று எடுக்கிற படம், அதை ஒத்துக்கொள்வோம்.

ஆக என் முடிவு, மச்சாளின் வீட்டுக்கு மட்டும்: சிங்கப்பூர், நாலு இரவு. முதல் நாள் நித்திரையும் லிட்டில் இந்தியாவும், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பார்க், மிச்ச நாளில் காசில்லாத இடங்கள், கடற்கரை இருக்கிறது, தோட்டங்கள் இருக்கின்றன. பார்க்கின் பெயரையோ ஏக்கரையோ வைத்து இதைச் சொல்லவில்லை. ஆகக் கட்டையான பிள்ளைக்கும் ஆக நோகிற காலுக்கும் நாள் முழுக்கச் செய்ய ஏதாவது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன், பெரிய மகன் எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வான். காசு இறுக்கம் என்றால் கோலாலம்பூர், சன்வேயும் பத்துமலையும், கெந்திங்குக்குக் கேபிள் காரில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கலாம். மாமி வரவில்லை, மகளுக்கு ஐந்து வயது என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

இன்னொரு தெரிவும் இருந்தது, அதையும் சொன்னேன். இந்த வயதுப் பிள்ளை வருசத்துக்கு ஐந்து ஆறு சென்ரிமீற்றர் வளரும். அடுத்த ஆகஸ்டில் 122 ஐத் தொட்டுவிடுவாள், மம்மிக்குள் போகலாம், சீட்டும் இன்னொரு வருசம் ஏறியிருக்கும், ஒரு வருசம் பொறுங்கவன் என்றேன். மச்சாள் யோசித்தாள். போன் ஸ்பீக்கரில் போட்டிருந்திருக்கிறாள், பின்னால் வெற்றிலை இடிக்கிற சத்தம் நின்றது.

"அடுத்த வருசம் என்ட கால் நடக்குமா எண்டும் அவளிட்டக் கேள் மனே" என்றார் மாமி.

ஆகஸ்ட் மூன்றாம் கிழமை, புதன்கிழமைக்கு ரிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.